எவ்வளவு கொடுக்கிறார்கள்? தோல் வட்டாரத்தில் கூலியும் மௌனமும்



பெண்ணிடம் வயதையும் ஆணிடம் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்று ஒரு சொலவடை உண்டு. பட்டிமன்றங்களில் கேட்டுச் சிரித்திருப்போம். அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். அதில் வரும் ஆண் மாதச் சம்பளக்காரன். தினக்கூலிக்காரனுக்கு அந்த மரியாதை கிடையாது. அவன் கூலி ஊருக்கே தெரியும். அதில் வரும் பெண்ணுக்கோ சம்பளமே இல்லை, வயது மட்டும்தான் இருக்கிறது. விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நெடுஞ்சாலை ஓரம் நிற்கிற நம் பெண்களுக்கு அந்தச் சொலவடைக்குள் இடமில்லை.

நம் சேரிகளில் அது கெட்ட கேள்வியாக இருந்ததில்லை. வேலைக்குப் போன பிள்ளை முதல் மாதம் ஊருக்கு வந்தால், “இன்னாப்பா, எவ்ளோ தர்றான்?” என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். அதில் பெருமையும் உண்டு, தருகிறவன்மேல் ஒரு சந்தேகமும் உண்டு. பிள்ளை கொஞ்சம் படித்தவன் என்றால், “ஏதோ வருது தாத்தா” என்று மழுப்புவான். இந்த மழுப்பலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைய உரை அதைப் பற்றியது.

நாம் கூடியிருக்கும் விரிஞ்சிபுரத்திலிருந்தே தொடங்கலாம். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 1347, அதாவது 1425-26. விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் காலம். படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் எல்லோருமாகக் கையெழுத்திட்ட உடன்படிக்கை அது. இனிக் கன்னிகாதானமாகத்தான் பெண் கொடுக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும், பொன் கொடுத்து மணம் முடித்தாலும் அரச தண்டனை, சாதி விலக்கம். இதை வரதட்சணை ஒழிப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. தடுக்கப்பட்டது பெண்வீட்டார் வாங்கிய பரிசப்பணம் என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு இந்தக் கல் வேறொரு காரணத்துக்காக முக்கியம். வீட்டுக்கு வீடு ரகசியமாகப் பேரம் நடந்தால் விலை கட்டுக்குள் நிற்காது, பொதுவில் எழுதி வைத்தால்தான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பணத்தைப் பற்றிப் பொதுவில் பேசுவது அநாகரிகம் என்று அன்று அவர்கள் நினைக்கவில்லை.

இன்னும் 400 ஆண்டு பின்னால் போனால் தஞ்சைப் பெரிய கோயில். அங்கே சம்பளப் பட்டியலே சுவரில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கணக்கெழுதுகிறவர், குடை பிடிக்கிறவர், விளக்கிடுகிறவர் என்று யாருக்கு எவ்வளவு என்பது வெட்டப்பட்டிருக்கிறது. அதே கோயில் கல்வெட்டுகளில் நாமும் வருகிறோம்: வரி கழிக்கப்பட்ட நிலங்களின் வரிசையில், ஊர்நத்தத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து, ‘பறைச்சேரி’ என்று. அந்த நிலத்தில் நெல் விளைவித்தவருக்கு எத்தனை கலம் என்று எந்த வரியிலும் இல்லை.

கல்லில் ஏறாத நம் கூலி களத்தில் இருந்தது. படி அளந்து கூலி பெற்றவன் படியாள். ஊர் பார்க்கத்தான் அளந்தார்கள், ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் கூலி அளக்கும் மரக்கால் சின்னது, கடனைத் திருப்பி வாங்கும் மரக்கால் பெரியது என்பது நம் பாட்டிமார் சொன்ன கணக்கு. எல்லோருக்கும் தெரிந்த கூலியை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை, ஏனென்றால் அது வேலைக்கான விலையாக இருக்கவில்லை, பிறப்புக்கான அளவாக இருந்தது. இன்றும் சோறு போடுகிறவரைப் ‘படியளக்கிறவர்’ என்கிறோம். அரசு ஊழியரின் பஞ்சப்படியிலும் பயணப்படியிலும் அதே ‘படி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அது உரிமை, படியாளுக்கு அது தயவு.

அந்த அளவை மாற்றச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு 1968 டிசம்பர் 25 சாட்சி. கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்த்தஞ்சையில் நம் மக்கள் செய்த புதுமை, எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னதுதான். பண்ணைக்குப் பண்ணை, ஆளுக்கு ஆள் வேறு வேறாக வாயை அடைக்க முடியாமல் போனது அதனால்தான்.

வடாற்காட்டு மக்களுக்குக் களத்தைவிட்டு வெளியேற ஒரு வழி தங்கவயல். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கோலார் சுரங்கத்துக்கு நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போனார்கள். அங்கே நெல் இல்லை, காசு. வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர், இந்தியர் என்று வேலையும் ஊதியமும் அடுக்கடுக்காக இருந்தன. இன்னொரு வழி தோல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுக டேனரிகள். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலாகக் கப்பல் ஏறியது, 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு ஷூவாக ஏறத் தொடங்கியது. சுண்ணாம்புக் குழியில் இறங்கியது பெரும்பாலும் நம் தாத்தாக்கள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தது நம் அக்கா தங்கைகள்.

ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைப்பது வீட்டு வேலை. ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டு வந்து போடுவார், தைத்ததை எண்ணி எடுத்துப் போவார், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. சமூகவியல் முதுகலைக் களப்பணிக்காக ஆம்பூர்ப் பக்கம் ஒரு சேரிக்குப் போயிருந்தேன். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒரே ஏஜென்ட், ஒரே மாடல். நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு அக்காக்களுக்கும் ஜோடிக்கு ஐம்பது பைசா வித்தியாசம் என்பது தெரிந்தது. கூடுதலாக வாங்கியவரிடம், “உனக்கு மட்டும் தர்றேன்க்கா, வெளிய சொல்லாத” என்று ஏஜென்ட் சொல்லி வைத்திருந்தார். அவரும் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்தத் தெருவில் நடந்த பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது.

களத்தில் கூலி எல்லோருக்கும் தெரியும், கேட்க முடியாது. இங்கே கேட்கலாம், ஆனால் தெரியாது. தங்கள் ஜோடிக்கூலியும் அதே ஷூவின் கடை விலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டதை இந்தப் பெண்கள் பார்த்ததே இல்லை. 2016-இல் பெங்களூரு சிவிடெப் அமைப்பும் பிரிட்டனின் இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை அதைச் செய்தது. இங்கிலாந்துக் கடையில் 40 முதல் 100 பவுண்டு வரை விற்கும் ஷூவுக்கு, ஆம்பூர்ப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடைத்தது ஜோடிக்கு 10 பென்ஸுக்கும் குறைவு.

சட்டம் இதற்கு ஒன்றும் செய்யவில்லையா? செய்தது, அதைச் செய்ததும் நம்மவர்தான். வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். 1948-இல் அது சட்டமானபோது தொழிலாளர் அமைச்சர் பாபு ஜெகஜீவன்ராம். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே டேனரியும் தோல் தொழிலும் இருக்கின்றன, பீடியும் இருக்கிறது. நம் மாவட்டத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். கூலி விகிதத்தை வேலையிடத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும் அது சொன்னது. ஆனால் குறைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். குறைவாக வாங்குகிறோம் என்பதே தெரியாதவர் எந்த ஆறு மாதத்துக்குள் போடுவார்?

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். லில்லி லெட்பெட்டர் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசக் கூடாது என்பது அங்கே விதி. கடைசியில் பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. வழக்குப் போட்டார். பாகுபாடு தொடங்கி 180 நாட்களுக்குள் வரவில்லை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரகசியமாக வைத்திருந்தவர்களுக்கே அந்த ரகசியம் காலக்கெடுவாகவும் உதவியது. 2009-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கெடுவை மாற்றியது.

நம் நாட்டில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டம் ஆறு மாதத்தை மூன்று ஆண்டாக்கியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் அந்தத் தொகுப்புகளை எதிர்ப்பதற்குப் பல நியாயமான காரணங்கள் உண்டு, அது தனிப் பேச்சு. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. 1976-இன் சம ஊதியச் சட்டம் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்தது. புதிய சட்டமும் பாலினத்தைச் சொல்கிறது. சாதியின் பெயரால் ஊதியத்தில் பாகுபாடு கூடாது என்று ஒரு வரி இரண்டிலும் இல்லை. சம்பளத்தில் சாதி இருக்காது என்று சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இருக்கிறது. மாதேஸ்வரன், அட்வெல் இருவரும் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நகர்ப்புற மாதச் சம்பள வேலைகளில் அதே தகுதியுள்ள மற்றவர்களைவிடப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 15 விழுக்காடு குறைவாகப் பெறுவது பாகுபாட்டால்தான் என்று கண்டார்கள். அதைவிடப் பெரியது எந்த வேலைக்குள் விடுகிறார்கள் என்பதில் உள்ள பாகுபாடு என்றும் சொன்னார்கள். பம்பாய் ஆலைகளில் 1928-இலேயே அம்பேத்கர் கை வைத்தது இந்த இடத்தில்தான். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டும். தீண்டத்தகாதவர் எச்சில் படும் என்று நம் மக்களை அங்கே விடவில்லை, கூலி குறைந்த நூற்புப் பிரிவில் நிறுத்தினார்கள். வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் இதையும் சேர் என்று அவர் கேட்டார். ஆகவே எவ்வளவு என்று கேட்பதோடு எந்த டிபார்ட்மென்ட் என்றும் நாம் கேட்டாக வேண்டும். சுண்ணாம்புக் குழியில் எல்லோருக்கும் சமக் கூலி கொடுத்துவிட்டு, குழிக்குள் யார், கணக்கு மேசையில் யார் என்பதைப் பேசாமல் விட்டால் அது என்ன சமம்?

சரி, ஒப்பிட்டால் வயிறுதானே எரியும் என்பார்கள். உண்மைதான். நார்வேயில் எல்லோருடைய வருமான விவரமும் 2001 முதல் இணையத்தில் தேடக் கிடைத்தது. அதன் பிறகு பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி கூடியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. யார் தேடினார்கள் என்பதும் தெரியவரும் என்று 2014-இல் மாற்றியதும் தேடுவோர் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. தனியாக உட்கார்ந்து அடுத்தவன் சம்பளத்தைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ராஜஸ்தானில் அதைக் கூடி உட்கார்ந்து செய்தார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணையில், அரசு வேலைகளின் மஸ்டர் ரோல் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டது. வேலையே செய்யாதவர் பெயருக்கும் கூலி எழுதப்பட்டிருந்தது. அந்தக் கூலிப் பட்டியலிலிருந்து கிளம்பிய போராட்டம்தான் 2005-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் போய் முடிந்தது. ஒவ்வோர் அலுவலரும் ஊழியரும் பெறும் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டம் அரசு அலுவலகங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தலித் மாணவர்கள் அரசு வேலையை விரும்புவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதை யாரும் சேர்ப்பதில்லை: அங்கே பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் நமக்குத் தெரியும்.

இங்கே இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்ல முடியுமா? முடியாது. கூடாது என்றும் சொல்வேன். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது எவை உடைக்கப்பட்டன என்று பாருங்கள். வளைகுடா நாட்டுச் சம்பளத்தில் வாங்கிய டிவி, மின்விசிறி. கூடவே பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிந்தன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் எரிந்தவை பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள். நம்மிடம் காசு இருப்பது கண்ணில் பட்டதும் கொதித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பெரியவர்கள் சிலர் நகையைப் பெட்டியிலும் சம்பளத்தை வாய்க்குள்ளும் வைத்திருந்தது கோழைத்தனம் அல்ல. கடன்காரர் உண்டு, கல்வி உதவித்தொகைக்கு 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பு உண்டு, தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டு வருகிற சொந்தம் உண்டு. இந்த மௌனம் வேறு, கம்பெனி கையெழுத்து வாங்கிக்கொண்டு விதிக்கிற மௌனம் வேறு. முன்னது ஊரிடமிருந்து நம்மைக் காப்பது, பின்னது பக்கத்து மெஷின்காரரிடமிருந்து நம்மைப் பிரிப்பது. ஐடி வேலைக்குப் போன நம் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நேர்காணலில் முதல் கேள்வியே பழைய சம்பளம் என்ன என்பதுதான். அவர்களுக்கு நம் எண் தெரியும், நமக்கு அவர்கள் மற்றவருக்குக் கொடுக்கும் எண் தெரியாது.

புதிய சட்டப்படி வகைவாரியான கூலி விகிதம், சம்பள நாள், புகார் வாங்கும் அதிகாரியின் பெயர், முகவரி எல்லாம் வேலையிடத்தில் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பாக இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு தர வேண்டும். இந்த வாரம் வேலைக்குப் போகும் உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் கேளுங்கள்: அந்தப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது, அதிலுள்ள எண்ணும் சீட்டிலுள்ள எண்ணும் ஒன்றுதானா? சீட்டே தருவதில்லை என்றால் அதையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் மூட்டை வாங்கித் தைக்கிறவர்களுக்குப் பலகை கிடையாது. அவர்கள் தெருவில் ஜோடிக்கு எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஒரு நோட்டும் இரண்டு பேரும் போதும்.