டைகுளோரோபென்சிடின்

3,3'-டைகுளோரோபென்சிடின் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளுக்கு மூலப்பொருளான ஓர் அரோமேட்டிக் அமீன். ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பென்சீன் வளையங்களின் இரு கோடியிலும் அமினோ தொகுதியும், அதற்கு அடுத்த கார்பனில் ஒரு குளோரினும் கொண்டது. மூலக்கூறு எடை 253. உருகுநிலை ஏறத்தாழ 132 பாகை செல்சியஸ்.

விருதுநகர் மாவட்டம் தாயில்பட்டி வட்டாரத்துப் பட்டாசில் எரியும் மஞ்சள் சோடியம் உப்புகளின் வேலை. இந்த அமீனுக்கு அதில் பங்கில்லை. பெட்டிமேல் ஒட்டியிருக்கும் லேபிளின் மஞ்சளில்தான் இதைத் தேட வேண்டும். 1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் லேபிள் கேட்டது. அந்தத் தேவையே பின்னாளில் காலண்டர், டைரி என விரிந்த அச்சுத்தொழிலுக்கு வழிவிட்டது. ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளுள் மஞ்சளுக்குப் பரவலாகப் பயன்படுபவை டைஅரிலைடு நிறமிகள். இவை டைகுளோரோபென்சிடினிலிருந்து பிறப்பவை.

ஆர்த்தோ-நைட்ரோகுளோரோபென்சீனை ஒடுக்கி, கிடைக்கும் ஹைட்ரசோ சேர்மத்தை அமிலத்தில் இடமாற்ற வினைக்கு உட்படுத்தினால் அமீன் கிடைக்கும். நிறமிக்காக அதைப் பனிக்குளிரில் சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து டயசோ ஆக்கி, அசிட்டோஅசிட்டனிலைடுடன் இணைப்பார்கள். படிவது பிக்மென்ட் மஞ்சள் 12: நீரில் கரையாது, அமீனை எளிதில் விடுவதும் இல்லை. எனவே இந்த அமீனைப் பொறுத்தவரை லேபிளைத் தொடுபவரைவிட, நிறமி ஆலையில் உலையருகே நிற்பவர்தான் கவலைக்குரியவர். தூளாக மூச்சில் போவதோடு தோல் வழியாகவும் அது உடலுக்குள் ஊடுருவும். ஈரப்படுத்திய ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே கையாளுவது தூசியைக் குறைக்கத்தான்.

விலங்குச் சோதனைகளில் நாய்களுக்குச் சிறுநீர்ப்பையிலும் கல்லீரலிலும், எலிகளுக்குப் பால் சுரப்பியிலும் கட்டிகள் உண்டாயின. மனிதரிடம் சான்று போதாததால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில் வைத்துள்ளது. குளோரின் இல்லாத உறவுக்காரரான பென்சிடினோ, மனிதரில் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான முதல் பிரிவு. நீரில் கரைந்த டைகுளோரோபென்சிடின் வெயிலில் விரைவாகச் சிதையும். நல்ல செய்திபோலத் தெரியும். ஆனால் குளோரின் கழன்று உருவாகும் பொருள்களுள் பென்சிடினும் ஒன்று.

வெப்பமும் கணக்கில் வர வேண்டும். இந்த நிறமிகளைக் கலந்த பிளாஸ்டிக்கை 200 பாகைக்கு மேல் உருக்கினால் அவை சிதையத் தொடங்கி, இன்னும் சூடேறினால் அமீனையே வெளியிடும்.

1994இல் ஜெர்மனி, தீங்கான அமீன்களை விடுவிக்கும் அசோ சாயங்களுக்குத் தடை விதித்தபோது இதுவும் பட்டியலில் இருந்தது. ஏற்றுமதியை நம்பிய திருப்பூரும் கரூரும் சாயத்தை மாற்றிக்கொண்டன. 1997 மார்ச்சில் மத்திய அரசு 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஜெர்மானிய விதி உடலில் படும் துணி, தோல் போன்றவற்றுக்கு உரியது. அச்சிட்ட பட்டாசு லேபிளுக்கு அல்ல.