செம்மை காணாத கண்: மட்டக்களப்பு வாவிக்கரையில் மௌனப்படச் சாயல்

கைத்தொலைபேசியில் பிடித்த காட்சியை மௌனப்படம் போல ஆக்க இன்று ஒரு பில்ரர் போதும். கீறல்கள் ஓடும், படம் நடுங்கும், மனிதர் துள்ளித் துள்ளி நடப்பர். இந்தச் சாயல் பிழையானது என்பதே என் வாதம். கீறல் என்பது பிரதி ஓடி ஓடித் தேய்ந்ததன் வடு. துள்ளல், நொடிக்கு 16, 18 சட்டகமாகக் கையால் சுழற்றி எடுத்ததைப் பிற்காலத்தார் 24 சட்டக வேகத்தில் ஓட்டியதன் விளைவு. புதுப்பிரதி பார்த்த அன்றைய இரசிகர் கண்டது துலக்கமான படம்.

நமக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசகவதம் தொலைந்தது. இலங்கையில் 1925இல் உருவான ராஜகீய விக்கிரமய எரிந்தழிந்தது. அகஸ்தீசுவரத்துத் தமிழரான ஜே. சி. டானியல் எடுத்த மலையாள மௌனப்படம் விகதகுமாரன், திருவிதாங்கூர்ச் சிறுவன் இலங்கைக்குக் கடத்தப்படும் கதை, அதுவும் இல்லை. கமல் இயக்கிய செல்லுலாயிட் (2013) அதன் படப்பிடிப்பை நடித்துக் காட்டியபோது, மூலப்படத்தைப் பார்த்துப் பின்பற்ற வழியிருக்கவில்லை.

ஆகவே பிரதியை விட்டு, படச்சுருளின் இயல்பிலிருந்தே தொடங்கவேண்டும். 1920களின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்த சுருள் நீலத்தையும் பச்சையையும் உணர்ந்தது; சிவப்பை உணரவில்லை. இதை இன்றைய கமராவில் கொண்டுவருவது கடினமன்று. வண்ணத்தில் எடுத்து, சிவப்புக் கூற்றை நீக்கி, நீலத்துக்கு முதன்மை கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கலாம். நொடிக்கு 50 சட்டகம் எடுத்து மூன்றில் ஒன்றை மட்டும் வைத்து, அதை மும்முறை காட்டினால் பழைய வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். நடையும் இயல்பாக இருக்கும். சட்டகம் நாலுக்கு மூன்று. பரீட்சைக்கு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது. 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலம் மௌனப்படத்தின் சமவயதுக்காரர். பக்கத்துப் புதிய பாலம் மட்டும் சட்டகத்துக்குள் தலைகாட்டக் கூடாது. நீல வானம் வெறும் வெள்ளையாகும், இரும்பு கறுக்கும்.

அதே சட்டகத்தில் வாவித் தோணிக்காரர் ஒருவரையும் எடுத்தால், சிக்கல் அவர் முகத்தில்தான். நம் தோலின் பழுப்பு, சிவப்பொளியையே கூடுதலாகத் திருப்பியனுப்புவது. அதை நீக்கியதும் வெளுத்த வாவிநீரின் முன்னே முகம் நிழலுருவாகிவிடும். ஆயத்த பில்ரர்கள் இதை மறைத்து எல்லா முகங்களையும் ஒரே சாம்பலாக்கி விடுகின்றன. அந்தச் சுருள் யாருடைய முகத்தை எளிதில் கண்டது, யாருடையதை இருட்டில் விட்டது என்ற கேள்வியும் அத்தோடு மறைந்துபோகிறது.

மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்தைப் படமாக்கினால் இச்சிக்கல் இன்னும் கூர்மைப்படும். அரிதாரம் என்ற சொல்லே மஞ்சள் தாது ஒன்றின் பெயர். மஞ்சளோ நீலவொளியை விழுங்குவது. இரவுக் களரியின் விளக்கொளியில் பொலிந்த ஒப்பனை இந்தக் கண்ணுக்கு மங்கிப்போகும், சிவந்த உதடு கறுத்துவிடும். முத்துவெள்ளைதான் தப்பும். மத்தளமும் பாட்டும் இல்லாத வரவு ஆட்டத்தில் கூத்தரின் காலும் கையுமே பேசவேண்டும். தன்னை அறிமுகம் செய்து அவர் பாடும் பாட்டு, காட்சிகளுக்கிடையே காட்டும் எழுத்தட்டையாகிவிடும். பாடும் மீனுக்குப் பேர்போன வாவியில் மௌனப்படம் எடுப்பது வேடிக்கைதான். ஆனால் கூத்தின் உடல்மொழியைத் தனியே பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

மூலங்கள் அழிந்த இடத்தில் போலி எளிதில் ஆவணமாகிவிடும். நேற்று எடுத்த தோணிக்காட்சி நாளை 'நூறாண்டுக்கு முந்திய மட்டக்களப்பு' என்று ஓர் ஆய்வேட்டில் ஏறலாம். எனவே இம்முயற்சியில் இறங்கும் மாணவரிடம் ஒரு வேண்டுகோள்: கீறலைச் சேர்க்காதீர்கள்; எடுத்த ஆண்டையும் கமராவின் பெயரையும் முதல் எழுத்தட்டையிலேயே போடுங்கள்.