கூமுட்டை வாடை

புரொப்பேன் வாயுவுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் டிராவல் டிரெய்லர் ஒன்றின் கதவைத் திறந்ததும் கூமுட்டை நாற்றம் குப்பென்று அடித்தால், அது புரொப்பேனின் நாற்றம் அன்று. எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் நாற்றம். வாயுவை விற்பவர்கள் வேண்டுமென்றே கலந்து அனுப்புவது. அதுவும் 10,000 கேலனுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 38,000 லிட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. நம் வீட்டு அடுப்படியில் சிலிண்டர் கசிந்தால் மூக்கைச் சுளிக்க வைப்பதும் இதே சரக்குதான்.

காற்றில் புரொப்பேன் 2.1 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்தபோதே மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீத்தடுப்பு விதி. இப்படியொரு விதி பிறந்த வழியில் ஒரு பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கிறது.

கதை பெட்ரோலில் தொடங்குகிறது. 1910-இல் பிட்ஸ்பர்க் நகரத்து ஃபோர்டு மாடல்-டி கார்க்காரர் ஒருவர், காசு கொடுத்து நிரப்பிய பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறது என்று முறையிட்டார். அந்த முறையீடு அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங்கிடம் வந்தது. அவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் அந்தப் பெட்ரோலை எடுத்துப் பார்த்தார். மூடிய தக்கை திரும்பத் திரும்பத் தெறித்து விழுந்தது. ஒரு பழைய வெந்நீர்க் கொதிகலனின் சுருள் குழாயையும் கையில் கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களையும் வைத்து, ஓடிப்போகும் ஆவிகளைத் தனித்தனியே பிரித்தார். புரொப்பேனும் பியூட்டேனும் அகப்பட்டன. 1912-இல் பென்சில்வேனியாவின் பண்ணை வீடு ஒன்றில் புரொப்பேன் அடுப்பு எரிந்தது. 1913-இல் காப்புரிமை கிடைத்தது. அதை ஸ்னெல்லிங் 50,000 டாலருக்கு எண்ணெய் வியாபாரி ஃபிராங்க் பிலிப்ஸிடம் விற்றுவிட்டார். பிற்காலத்தில் அந்த வாயு எத்தனை கோடி அடுப்புகளில் எரியப்போகிறது என்று தெரிந்திருந்தால் விலையை இன்னும் ஏற்றிச் சொல்லியிருப்பார்.

ஸ்னெல்லிங் ஆராய்ந்தது, எண்ணெய்க் கிணற்று வாயிலிருந்து எண்ணெயோடு எழும் வாயுவைப் பிழிந்து பெட்ரோல் எடுக்கும் தொழிலை. பெட்ரோல் எடுத்த பிறகு மிஞ்சும் வாயுவுக்கு அந்தக் காலத்தில் மதிப்பில்லை. கிழக்கு டெக்சாஸில் அதைக் கொளுத்திவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் தேவாலயங்களும் குழாயில் துளை போட்டு அதை எடுத்துக்கொண்டால், எண்ணெய்க் கம்பெனிகள் கண்டும் காணாமலும் இருந்தன.

நியூ லண்டன் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலில் இருந்த ஊர். நாடே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது அங்கே எண்ணெய்ப் பணம் கொட்டியது. இரும்புச் சட்டகம் வைத்துப் பெரிய பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டடக் கலைஞர் திட்டமிட்டிருந்த கொதிகலன் முறையை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. கட்டடம் முழுக்க 72 கேஸ் கணப்புகளை வைத்தார்கள். 1937-இன் தொடக்கத்தில், முறையாக வாங்கிவந்த வாயு இணைப்பையும் துண்டித்துவிட்டு, பக்கத்துப் பெட்ரோல் ஆலையின் மிச்ச வாயுக் குழாயிலிருந்து இணைப்பு இழுத்துக்கொண்டார்கள். மாதம் சுமார் 300 டாலர் மிச்சம். பணக்காரப் பள்ளியின் சிக்கனம் இது என்பதுதான் உறுத்துகிறது.

இணைப்பு சரியாக அமையவில்லை. கட்டடத்தின் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு வெற்றிடம் இருந்தது. கசிந்த வாயு அங்கே நாள்கணக்கில் சேர்ந்தது. பிள்ளைகள் தலைவலி என்றார்கள், கண் எரிகிறது என்றார்கள். வாடை எதுவும் இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 18, வியாழக்கிழமை, பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்பு, தொழிற்பயிற்சி ஆசிரியர் மரம் தேய்க்கும் மின் இயந்திரத்தைப் போட்டார். அதன் பொறியில் கட்டடம் மேலே எழும்பி அப்படியே நொறுங்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். டைலர் நகரத்தில் மறுநாள் திறப்பு விழாவுக்குக் காத்திருந்த புது மருத்துவமனை அன்றே கதவைத் திறந்தது. செய்தி சேகரிக்க ஓடிவந்தவர்களில் யுனைடெட் பிரஸ் நிறுவனத்தின் இருபது வயதுச் செய்தியாளர் வால்டர் கிராங்கைட்டும் ஒருவர். பின்னாளில் இரண்டாம் உலகப் போரையும் நியூரம்பெர்க் விசாரணையையும் நேரில் பார்த்து எழுதியவர், நியூ லண்டனைப் போல் எதுவும் தம்மைக் கலங்கடித்ததில்லை என்று சொல்லிவந்தார்.

அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் வாயுவில் நாற்றம் சேர்க்கச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

நாற்றம் சேர்க்கும் யோசனை டெக்சாஸில் முளைத்தது அன்று. மெர்காப்டன்களை 1834-லேயே கோபன்ஹேகனில் வில்லியம் ஸீஸ என்ற வேதியியலாளர் கண்டுபிடித்துவிட்டார். 1880களில் ஜெர்மனியில் வாட்டர் கேஸ் எனப்படும் மணமற்ற வாயுவில் எத்தில் மெர்காப்டனைக் கலந்து பார்த்தார்கள். 1920 வாக்கில் அமெரிக்கச் சுரங்கப் பணியகம் இன்னொரு பயன்பாட்டை ஆராய்ந்தது: உலோகச் சுரங்கத்தில் தீப்பிடித்தால், அழுத்தக் காற்று போகும் குழாயில் நாற்றத்தைச் செலுத்து, மூலை முடுக்கில் துளை போட்டுக்கொண்டிருப்பவனுக்கும் செய்தி போய்ச் சேரும். இயந்திர இரைச்சலில் மணியோசை கேட்காது, நாற்றம் எட்டும். ஆக, வழி தெரிந்திருந்தது, பொருளும் கைவசம் இருந்தது. கட்டாயம்தான் இல்லை. அதற்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாக வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கலிபோர்னியாவில் யூனியன் ஆயில் கம்பெனிப் பொறியாளர்கள் 1930களில் ஒன்றைக் கவனித்தார்கள். குழாயில் எத்தில் மெர்காப்டன் கலந்த வாயு போனபோது, கசிவு இருந்த இடத்துக்கு மேலே கழுகு போன்ற வான்கோழிப் பிணந்தின்னிப் பறவைகள் வட்டமிட்டன. அழுகும் பிணத்திலிருந்தும் இந்த வகை வாடை எழுகிறது. விருந்து கிடைக்கும் என்று வந்திருக்கின்றன. கென்னத் ஸ்டேகர் என்ற பறவையியலாளர் இந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டு, இப்பறவைகள் மோப்பத்தால் இரை தேடுகின்றன என்று 1964-இல் எழுதினார். கண்ணாலா மூக்காலா என்று பறவை ஓவியர் ஆடுபான் காலத்திலிருந்து நடந்துவந்த சண்டைக்கு எண்ணெய்க் கம்பெனியின் கசிவு ஒரு சாட்சியாக வந்து நின்றது.

டிரெய்லருக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவில் டிரெய்லர் மோகம் தலைக்கேறியது. டெட்ராய்ட்டைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஷெர்மன் தன் குடும்பத்துக்காகச் செய்யத் தொடங்கிய வண்டி, சில வருடங்களில் ‘கவர்டு வேகன்’ என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1936-இல் வாலி பையம் அலுமினிய உடம்போடு ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற டிரெய்லரை இறக்கினார். உள்ளே சமையல், கணப்பு, வெந்நீர் எல்லாவற்றுக்கும் காலப்போக்கில் சிலிண்டர் வாயுதான் கைகொடுத்தது. குளிர்சாதனப் பெட்டியும் நெருப்பில் ஓடும். 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் மூண்டர்ஸும் வடிவமைத்த முறை அது: அடியில் சிறு தீ எரியும், குழாய்க்குள் அம்மோனியா சுற்றும், பெட்டி குளிரும்.

இத்தனை சாதனங்களுக்கும் வாயு போகும் பாதையைப் பார்த்தால், கசிவு ஏன் இங்கே அடிக்கடி தேடப்படுகிறது என்று விளங்கும். வண்டியின் மூக்கில் சிலிண்டர்கள். 38 டிகிரி வெயிலில் அவற்றின் உள்ளழுத்தம் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு அளவுக்கு ஏறும். ரெகுலேட்டர் அதை அரைப் பவுண்டுக்கும் கீழே இறக்குகிறது. பட்டறைக்காரர்கள் கணக்கில் 11 அங்குல நீர் அழுத்தம். அங்கிருந்து தரைக்கு அடியில் இரும்புக் குழாய், அதிலிருந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் செப்புக் குழாய், முனைதோறும் பித்தளை மரை. வீட்டுக் குழாய் அசையாமல் கிடக்கும். இதுவோ ஆயிரக்கணக்கான மைல் குலுங்கும்.

சிலிண்டர் வாயில் இருக்கும் மரைக்கும் வரலாறு உண்டு. பல காலம் புழங்கிய பி.ஓ.எல். இணைப்பு, கார் முகப்பு விளக்குக்கு அசிட்டிலின் விற்ற பிரெஸ்ட்-ஓ-லைட் கம்பெனியிலிருந்து வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர்தான் இண்டியானாபொலிஸ் பந்தயச் சாலையை அமைத்தவர்களிலும் ஒருவர். இதன் மரை இடப்பக்கம் சுற்றும். பழக்கமில்லாதவர்கள் இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திவிடுவார்கள். 1990களில் கையாலேயே திருகக்கூடிய புது இணைப்பு வந்தது. சரியாகப் பொருந்தினால்தான் வாயுவை விடும். 2002 ஏப்ரல் முதல், அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் மிதவை வால்வு இல்லாத சிறிய சிலிண்டர்களை நிரப்பக் கூடாது என்றானது. முக்கோண வடிவக் கைப்பிடி இருந்தால் அந்த வால்வு இருக்கிறது என்று அடையாளம்.

வாடையைத் துரத்துவதில் மூக்கு ஊரைக் காட்டும், தெருவைக் காட்டாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் தரையோரம் ஊர்ந்து, தாழ்ந்த மூலையில் போய்த் தங்கும். வாடை அடிக்கும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். ஆகவே ஆட்களை வெளியேற்றி, சிலிண்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து காற்றாட விட்ட பிறகுதான் தேடலே தொடங்குகிறது. பட்டறையில் குழாயோடு அழுத்தம் அளக்கும் மானோமீட்டரைப் பொருத்தி, 8 அங்குல நீர் அழுத்தத்தை 3 நிமிடம் நிறுத்திப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் கசிவு நிச்சயம். பின்பு ஒவ்வொரு சாதனமாக அடைத்து, சந்தேகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்து, கடைசியில் மரைகளில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். குமிழ் எழும் இடம் அகப்பட்டுவிடும். அம்மோனியா கலந்த சோப்பு மட்டும் ஆகாது. பித்தளையில் விரிசல் விழ வைக்கும். கசிவைத் தேடப்போய்ப் புதுக் கசிவை உண்டாக்கிய கதையாகிவிடும்.

மானோமீட்டரின் முள் அசையவே இல்லை, வாடையும் போகவில்லை என்றால் வேடிக்கை ஆரம்பம். டிரெய்லரில் கூமுட்டை நாற்றம் எழுப்ப வேறு பலரும் இருக்கிறார்கள். மிகையாகச் சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் சல்பைடை விடும். வெந்நீர்த் தொட்டிக்குள் துருவைத் தடுக்க வைத்த மெக்னீசியக் கம்பியோடு சில பாக்டீரியாக்கள் சேர்ந்தால் குழாய்த் தண்ணீரே நாறும். கழுவுதொட்டிக்கு அடியில் வளைகுழாயில் தண்ணீர் வற்றிவிட்டால் கழிவுத் தொட்டியின் காற்று மேலே வரும். குளிர்பெட்டியில் கசிவென்றால் வாடை மூக்கைத் துளைக்கும் அம்மோனியா, பின்புறத்தில் மஞ்சள் கறையும் தெரியும். சிலிண்டர் காலியாகும் தறுவாயிலும் நாற்றம் கூடுவதுண்டு: புரொப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும், எத்தில் மெர்காப்டனுக்கு 35 டிகிரி வேண்டும். அதனால் அடியில் அது தங்கித் தங்கிச் செறிவாகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. புதுச் சிலிண்டரின் உட்சுவரில் துரு இருந்தால் அது மெர்காப்டனைத் தின்றுவிடும். வாயு இருக்கும், வாடை மங்கிவிடும். மூக்கையும் முழுதாக நம்ப முடியாது. 1986-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் சுரண்டி முகரும் அட்டைகளை வாசகர்களுக்கு அனுப்பிய ஆய்வில், ஆறு வாடைகளில் ஒன்று மெர்காப்டன். 14 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். வயது ஏற ஏற அந்த வாடையை உணர்வது குறைவதாகத் தெரிந்தது. டிரெய்லர் வாங்கிச் சுற்றுபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் கணிசம் என்பதை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் டிரெய்லர்களில் தரைக்கு அருகே, முழங்கால் உயரத்துக்கும் கீழே, சின்ன எச்சரிக்கைப் பெட்டி பதித்திருக்கிறார்கள். அதற்கும் குறைகள் உண்டு. தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரே, சாராய ஆவி, பேட்டரி வாயு எதற்கும் அலறும். அலறி அலறிச் சலிப்பேற்றுவதால் சிலர் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் உணரியின் ஆயுள் ஐந்து முதல் ஏழு வருடம். பழைய டிரெய்லர் வாங்கும் விவரமானவர்கள் மெத்தையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பு இந்தப் பெட்டியைக் கழற்றி, பின்புறம் அச்சிட்ட தேதியைப் படிக்கிறார்கள்.