யாருக்கான ரகசியம்?

சுவிஸ் வங்கி ரகசியச் சட்டம் நாஜிகளிடமிருந்து யூதர்களின் சேமிப்பைக் காக்கவே பிறந்தது என்றொரு கதை உண்டு. உருக்கமான கதைதான். 1960களில் ஒரு சுவிஸ் வங்கியே அதைத் தன் வெளியீட்டில் எழுதியது.

சட்டத்தின் வேர் பாரிஸில் இருக்கிறது. 1932 அக்டோபரில் பாஸல் நகர வங்கியொன்றின் பாரிஸ் அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டபோது, வரி ஏய்த்த பிரெஞ்சுச் செல்வந்தர்களின் பட்டியல் சிக்கியது. செனட்டர்கள், தளபதிகள், ஆயர்கள்கூட! நவம்பரில் சோஷலிஸ்ட் உறுப்பினர் ஃபாபியன் அல்பெர்த்தன் நாடாளுமன்றத்தில் பெயர்களை வெளியிட்டார். அஞ்சியவர்கள் பணத்தை எடுக்கலாயினர். பொருளாதார வீழ்ச்சியில் சுவிஸ் வங்கிகள் ஏற்கெனவே தள்ளாடின. அரசு மேற்பார்வை தவிர்க்கவியலாததாயிற்று. அதற்கு இசைந்த வங்கியாளர்களுக்குக் கிடைத்த ஈடு, 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. வாடிக்கையாளரின் பெயரை வெளியிடும் ஊழியருக்குச் சிறை. வருமானத்தை மறைத்த வாடிக்கையாளருக்கோ சுவிஸ் சட்டப்படி அபராதம் மட்டுமே.

யூதர்களும் அங்கே பணம் போட்டார்கள் என்பது மெய். போருக்குப்பின் அவர்களுடைய வாரிசுகள் வந்து கேட்டபோது இறப்புச் சான்றிதழ் கோரப்பட்டது. வதைமுகாமில் அதை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? ரகசியத்தைக் காட்டியே பலர் திருப்பியனுப்பப்பட்டனர். அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்ட பின்னரே, 1998இல், இரு பெரும் சுவிஸ் வங்கிகள் 125 கோடி டாலர் தர உடன்பட்டன.