பனியன் போடக் கூடாதென்ற மண்ணில் ஒரு மைதானம்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக மைதானத்துக்கு எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போவதுண்டு. ஒருமுறை, 400 மீட்டர் ஓட வந்த பெண்ணோடு அவளுடைய அப்பத்தாவும் வந்திருந்தார். எண் குத்திய பனியனும் அரைக்கால் சட்டையும் ஷூவுமாக நின்ற பேத்தியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா காலத்துல நம்ம பொம்பளைகளுக்கு ரவிக்கையே கெடையாது" என்றார். அவர் சொன்னது ஏட்டிலும் பதிவாகியிருக்கிறது என்று அன்று உடனிருந்த மாணவர்கள் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

1930 டிசம்பர். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை எல்லாம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின. 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதையெல்லாம் இந்தியச் சாதிகள் குறித்துத் தான் எழுதிய நூலில் பதிந்திருக்கிறார்.

1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இந்தப் பட்டியலில் ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரின் பெயரும் இருக்கிறது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டை மட்டுமே மேய்க்க வேண்டும். கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது. இவற்றைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாம் நின்று படிக்க வேண்டியது இன்னொன்று: காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா. பதினோரு மணி நேரம். விளையாட்டு பிறப்பது பொழுது சாய்கிற நேரத்தில்தான். அந்த மாலையையே பிடுங்கிவிட்டால் மைதானத்துக்குத் தனியாக வேலி எதற்கு? படிப்பு, விளையாட்டு, கொண்டாட்டம் மூன்றும் ஒரே தாளில் தடை செய்யப்பட்டது தற்செயல் அல்ல.

பதினாறு வருடம் கழித்து, 1947இல், கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். பின்னர் உடற்கல்விக் கல்லூரியும் வந்தது. 1985இல் பல்கலைக்கழகம் உருவானது. வள்ளலின் கதையை விழா மேடைகளில் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். ஆனால் கல்லூரி எழுந்த வட்டாரத்தில் அதற்குச் சற்று முன்புதான் ஒரு கூட்டம் பிள்ளைகள் படிக்கவே கூடாதென்று கட்டளையிட்டது என்பதை எந்த மேடையிலும் நாங்கள் கேட்டதில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடை, உணவகம், பொதுக் கேளிக்கை இடம் எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாதென்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும், பொதுமக்கள் கூடும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. பல்கலைக்கழக விளையாட்டரங்கம் வேறென்ன?

அரங்கத்தைக் கட்டியவர் ஒருவர், அதில் ஆட உரிமை உள்ளவர் வேறொருவர் என்ற கதை நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் புகழ்பெற்ற உள்விளையாட்டரங்கம் 1940இல் திறக்கப்பட்டது. இன்று கேமரன் அரங்கம் என்று பெயர். வடிவமைத்தவர் ஜூலியன் ஏபில், கறுப்பினக் கட்டடக் கலைஞர். அவர் 1950இல் இறந்தார். கறுப்பின இளங்கலை மாணவர்களை டியூக் சேர்த்துக்கொண்டது 1963இல்தான்.

அதே டர்ஹாமில், 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் தேவாலயத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, டியூக் மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி கறுப்பினக் கல்லூரி ஒன்றின் சிறிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு கூடைப்பந்து ஆடினார்கள். இரு இனத்தாரும் சேர்ந்து ஆடக் கூடாதென்பது அன்றைய வழக்கம். ஜான் மெக்லெண்டன் பயிற்றுவித்த கறுப்பின அணி 88-44 என்று வென்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பிடித்தது. இரு அணியையும் கலந்து, ஒரு பக்கம் பனியனோடும் மறுபக்கம் பனியனைக் கழற்றியும் இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். பனியன் அங்கே வெறும் அடையாளம், வேண்டும்போது போடலாம், கழற்றலாம். இங்கே 1930இல் அது குடிசை எரியக் காரணமாக இருந்தது.

அந்தத் தடையைப் போட்டவர்களின் கொள்ளுப்பேரர்களும் எங்கள் பிள்ளைகளும் இன்று அடுத்தடுத்த லேனில் நிற்கிறார்கள். நல்லது. ஆனால் மாலை இன்னும் எல்லோருக்கும் ஒன்றல்ல. எங்கள் பையன்களில் சிலர் பள்ளி விட்டதும் கறிக்கடைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போகிறார்கள். கிராமத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம் பெரும்பாலும் கண்மாய்ப் பொட்டல், தண்ணீர் வந்தால் அதுவும் இல்லை. பெரிய விழாக்களில் பறைக் குழுவை வாசலில் ஆடவிட்டு, மேடை நிகழ்ச்சி தொடங்கியதும் வெளியே நிறுத்துவதையும் பார்த்திருக்கிறோம். பல்கலைக்கழகங்களில் புதிதாக அரங்கம் எழும்போது எத்தனை ஆயிரம் இருக்கை என்று கேட்கிறோம். மாலை 5 மணிக்கு மேல் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா, கட்டணம் உண்டா, விடுதி மாணவர்கள் திரும்பும் நேரத்தைத் தள்ளிவைப்பார்களா என்றும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

அன்று அந்தப் பெண் ஆறாவதாக வந்தாள். திரும்பும் பேருந்தில் அப்பத்தா தூங்கிவிட்டார். அடுத்த போட்டிக்கு ஸ்பைக்ஸ் ஷூ வேண்டும், என்ன விலை இருக்கும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே வந்தாள்.