மாதிரிப் பொறியியல்

மாதிரிப் பொறியியல் என்பது உண்மையான பொறிகளைச் சிறிய அளவில், ஆனால் இயங்கக்கூடிய வகையில், வீட்டுப் பட்டறையில் உலோகத்தைக் கடைந்து உருவாக்கும் பொழுதுபோக்கு ஆகும். நீராவிப் பொறி, நீராவித் தொடர்வண்டி, பெட்ரோல் பொறி, ஸ்டெர்லிங் பொறி முதலியன இவ்வாறு கட்டப்படுகின்றன. அலமாரியில் வைக்கும் உருவ மாதிரிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கு சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடவேண்டும். கொதிகலனில் நீராவி எழவேண்டும்.

வரலாறு

இப்பொழுதுபோக்கு இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாயிற்று. 1898 ஆம் ஆண்டு பெர்சிவல் மார்ஷல் என்பவர் இதற்கென ஓர் இதழைத் தொடங்கினார். "மாடல் எஞ்சினியர்" என்று சுருக்கமாக அறியப்பட்ட அவ்விதழ் வரைபடங்களையும் செய்முறைகளையும் தொடர்களாக வெளியிட்டது. அதே ஆண்டில் இலண்டனில் இத்துறையினருக்கான சங்கமும் தோன்றியது. 1906 இல் தொடங்கப்பட்ட ஸ்டூவர்ட் டர்னர் நிறுவனம், கடையப்படாத வார்ப்புகளைப் பொதியாக விற்றது. உலோகத்தை உருக்கி வார்க்க வசதியற்றவர்களும் இதனால் பொறி கட்ட முடிந்தது.

கருவிகள்

லேத் எனப்படும் கடைசல் இயந்திரமே பட்டறையின் அடிப்படை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிவந்த மைஃபோர்ட் எம்.எல்.7 என்னும் சிறு லேத் பிரித்தானிய வீட்டுப் பட்டறைகளில் பெரிதும் இடம்பிடித்தது. அதைத் தயாரித்த பீஸ்டன் நகரத் தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டது. துளையிடும் இயந்திரம், அரம், நுண்ணளவி ஆகியனவும் தேவை. துருவல் இயந்திரம் இல்லாதவர்கள் அவ்வேலையையும் லேத்திலேயே செய்துகொள்வர்.

அளவைக் குறைப்பதில் உள்ள சிக்கல்

வரைபடத்தில் உள்ள எல்லா அளவுகளையும் பத்தால் வகுத்துவிட்டால் மாதிரிப் பொறி கிடைத்துவிடும் என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. அவ்வாறு கட்டிய பொறி பெரும்பாலும் சரியாக ஓடாது. நீளம் பத்தில் ஒன்றாகும்போது பரப்பு நூறில் ஒன்றாகவும், கனஅளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் குறைகின்றன. எனவே சிலிண்டருக்குள் வரும் ஒவ்வொரு பங்கு நீராவியும் முன்னைவிடப் பத்து மடங்கு சுவர்ப்பரப்பைத் தொடுகிறது. வெப்பம் சுவருக்குள் சென்றுவிட, நீராவி வேலை செய்யுமுன்பே நீராகிவிடுகிறது. கசிவும் இப்படியே. பெரிய பொறியில் பொருட்படுத்தத் தேவையற்ற 0.1 மி.மீ. இடைவெளிக்கு ஈடாகச் சிறிய பொறியில் 0.01 மி.மீ. இருக்கவேண்டும். இது தலைமயிரின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு.

பெட்ரோல் பொறியில் நிலைமை இன்னும் கடினம். எட்கர் வெஸ்ட்பரி வடிவமைத்த "சீல்" பொறி நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 15 கன செ.மீ. கொள்ளளவே உடையது. எரிபொருளின் துளிகளோ தீப்பொறியோ பொறியின் அளவுக்கேற்பச் சிறியனவாவதில்லை. ஆகவே மாதிரிப் பொறியாளர் வெளித்தோற்றத்தைப் பின்பற்றலாம். உட்புறத்தைப் புதிதாக வடிவமைத்தே ஆகவேண்டும்.

கொதிகலன் சர்ச்சை

இச்சிக்கலை ஒட்டி 1920களின் முற்பகுதியில் "மாடல் எஞ்சினியர்" இதழில் பெரும் சர்ச்சை ஒன்று நடந்தது. சிறிய தொடர்வண்டிக்குச் சாராய விளக்கால் சூடேற்றும் நீர்க்குழாய்க் கொதிகலனே ஏற்றது என்பது ஹென்றி கிரீன்லி தரப்பின் கருத்து. பெரிய தொடர்வண்டியில் உள்ளது போன்ற நிலக்கரிக் கொதிகலனே சிறந்தது என்றார் மற்றொருவர். தாம் முன்பு பணியாற்றிய இருப்புப்பாதை நிறுவனத்தின் முதலெழுத்துகளான எல்.பி.எஸ்.சி. என்பதையே புனைபெயராகக் கொண்டவர் அவர். அவருடைய "ஆயிஷா" இரண்டரை அங்குல இருப்புப்பாதையில், அதாவது 63.5 மி.மீ. அகலத்தில் ஓடுவது. அது நிலக்கரியில் எரிந்து, வளர்ந்த ஆட்களை ஏற்றி இழுத்துக் காட்டியது. வாதம் அத்துடன் தீர்ந்தது எனலாம். அதன் பின்னர் எல்.பி.எஸ்.சி. 1967 இல் இறக்கும் வரை ஏராளமான வடிவமைப்புகளை எழுதினார். பொறியியல் படிக்காதவரும் பின்பற்றும்படி எழுதியதே அவரது செல்வாக்குக்குக் காரணம்.

பாதுகாப்பு

இப்பொழுதுபோக்கில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பகுதி கொதிகலன். ஏறத்தாழ 5.5 பார் அழுத்தமானி அளவில் நீராவியின் வெப்பநிலை 162 பாகை செல்சியசு. மின்சுற்றுகளில் பயன்படும் வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். அதற்கு முன்பே வலுவிழந்துவிடும். நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் இணைப்பு பிரிந்துவிடலாம். ஆதலால் செப்புத் தகடுகளை 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசால் இணைக்கின்றனர்.

முடிந்த கொதிகலனை முதலில் குளிர்ந்த நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு வரை ஏற்றிச் சோதிப்பது வழக்கம். நீர் மிகக் குறைவாகவே அமுங்குவதால், தகடு பிளந்தாலும் நீர் கசிந்து அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்றால் இச்சோதனையைச் செய்யக்கூடாது. அமுங்கிய காற்றில் சேர்ந்துள்ள ஆற்றல் முழுவதும் வெடித்து வெளிப்படும்.

முதற்பொறி

தொடக்கநிலையினர் பலர் ஸ்டூவர்ட் 10வி என்னும் நிமிர்ந்த நீராவிப் பொறியைத் தெரிவு செய்கின்றனர். இதன் சிலிண்டர் துளையும் பிஸ்டன் வீச்சும் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. வார்ப்பில் நேரான முகம் எதுவும் இராது. எனவே முதலில் ஒரு முகத்தைச் சமப்படுத்தி, மற்ற எல்லா அளவுகளையும் அதிலிருந்தே எடுக்கவேண்டும். இதில் அவசரப்படுவோரின் சிலிண்டர், தண்டின் நேர்கோட்டில் அமையாமல் போகிறது. கட்டி முடித்த பொறியைக் கொதிகலனுடன் இணைக்குமுன் மிதிவண்டிப் பம்பின் காற்றிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சமன்சக்கரம் ஒரே இடத்தில் தயங்கினால் அங்கு உராய்வு உள்ளது அல்லது வால்வு திறக்கும் நேரம் பிசகியுள்ளது என அறியலாம். கொதிகலனே வேண்டாம் என்போர், சிறு விளக்கின் சூட்டில் ஓடும் ஸ்டெர்லிங் பொறியில் தொடங்குவர்.

இக்கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் செர்ரி ஹில் என்ற பிரித்தானியப் பெண்மணியின் படைப்புகளைப் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வழக்கொழிந்த நீராவி இழுவைப் பொறிகளைப் பழைய காப்புரிமை வரைபடங்களிலிருந்து ஆராய்ந்து, பெரும்பாலும் 16 இல் ஒரு பங்கு அளவில் கட்டியவர் இவர். அந்த அளவில் 24 மி.மீ. மரையாணி 1.5 மி.மீ. ஆகிவிடும். எடின்பரோ கோமகன் சவால் கோப்பையை ஒன்பது முறை வென்ற இவரது மாதிரிகள் பல, இலண்டனிலுள்ள இயந்திரப் பொறியாளர் கழகத்துக்கு வழங்கப்பட்டுள்ளன.