தாய்மாமன் வீட்டில் இருபது வருடம்

முறைப்பெண்ணைக் கட்ட மாமன் வீட்டுக்கு நடையாய் நடந்த மாப்பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அதற்காகப் பதினான்கு வருடம் ஆடு மேய்த்தவரைத் தெரியுமா? பைபிளின் ஆதியாகமத்தில் வரும் யாக்கோபுதான் அவர்.

யாக்கோபும் லேசுப்பட்டவர் இல்லை. பசியோடு வந்த அண்ணன் ஏசாவிடம் பருப்புக் கூழைக் காட்டி, மூத்த மகன் உரிமையையே வாங்கிக்கொண்டவர். கண் மங்கிய அப்பா ஈசாக்கின் முன்னால், கையில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு அண்ணன்போல நின்று, ஆசீர்வாதத்தையும் தட்டிச் சென்றார். யோசனை சொன்னது யார்? பெற்ற தாய் ரெபெக்காள்! ஏசா கொலைவெறியோடு நின்றதும், ஆரானில் இருந்த தன் சகோதரன் லாபானிடம் மகனை அனுப்பிவைத்ததும் அவர்தான்.

அங்கே மாமன் மகள் ராகேலைப் பார்த்தார், மனதைப் பறிகொடுத்தார். பெண்ணுக்காக ஏழு வருட உழைப்பு என்று பேச்சு. கல்யாணமும் நடந்தது. விடிந்து பார்த்தால் பக்கத்தில் அக்காள் லேயாள்! கேட்டதற்கு, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை என்றார் மாமனார். ஏழு வருடமாக இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை! அப்பாவிடம் ஆள் மாறாட்டம் செய்தவருக்கு அதே ஆள் மாறாட்டம் திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் ராகேலும் கிடைத்தாள், ஆனால் கடனுக்கு. இன்னும் ஏழு வருட உழைப்பு!

பிறகு ஆடுகளுக்காக ஆறு வருடம். புள்ளி ஆடும் வரி ஆடும் யாக்கோபின் கூலி என்று ஒப்பந்தம். லாபான் என்ன செய்தார்? அன்றைக்கே அத்தகைய ஆடுகளைப் பிரித்து, மூன்று நாள் பயண தூரத்துக்கு ஓட்டிவிட்டார்! கூலியைப் பத்து முறை மாற்றினார் என்பது மருமகனின் புகார்.

கேமரன் மலையில், கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். அந்த மலையில் போ தேயிலை நிறுவனம் 1929-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் அந்நியர் இல்லை. சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். உறவு நம்பிக் கப்பல் ஏற வைத்தது. அதே உறவு, கூலியில் குறை வந்தால் வாய்திறந்து கேட்கவிடாமலும் தடுத்தது. 1938-ல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அந்த ஆள்சேர்ப்பு ஓய்ந்தது.

யாக்கோபு கடைசியில் கேட்டுவிட்டார். சொல்லாமல் புறப்பட்டவரை லாபான் ஏழு நாள் துரத்திப் பிடித்தபோது, பகல் வெயிலும் இரவுக் குளிரும் முதல் காட்டு விலங்கு கொன்ற ஆட்டின் நஷ்டம் வரை, இருபது வருடக் கணக்கையும் கொட்டித் தீர்த்தார். கற்குவியலைச் சாட்சியாக வைத்து இருவரும் சமாதானமானார்கள்.

அடுத்து அண்ணன் கணக்கு. ஏசா 400 பேரோடு வருகிறார்! யாக்கோபு 550-க்கும் மேற்பட்ட கால்நடைகளை முன்னால் அனுப்பி, ஏழு முறை தரையில் விழுந்து வணங்கினார். ஏசாவோ ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார்.

மாமனிடம் கூலியை வாதாடிக் கேட்டவர், அண்ணனிடம் பட்ட கடனைக் குனிந்து தீர்த்தார். இரண்டாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்!